அளவாகக் கலப்பது: டெம்பரன்ஸ் என்ற சொல்லும் எங்கள் ஊர்க் காப்புக் கட்டும்

எங்கள் குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிராமங்களில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊரே வேறு மாதிரி ஆகிவிடும். வீடுகளில் கறி எடுக்க மாட்டார்கள். வெளியூர் போனவர்கள் ராத்திரிக்குள் திரும்பிவிடுவார்கள். வருஷம் முழுக்கச் சாயங்காலமானால் டாஸ்மாக் பக்கம் போகிற ஆண்களில் பலர் அந்த நாட்களில் அந்தத் திசைக்கே போக மாட்டார்கள். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டவர்களும், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்க மாலை போட்டவர்களும் இப்படித்தான். எந்தப் போலீஸும் நின்று தடுப்பதில்லை. அபராதமும் கிடையாது.

மாலையைக் கழற்றியதும் பழைய வழிக்கே போய்விட்ட கணவரிடம் எங்கள் தெருவில் ஒரு அக்கா கேட்டார்: "மாலை போட்டா ஒன்றரை மாசம் இருக்க முடியுது, கழட்டுன மறுநாளு ஏன் முடியல?" அவர் கோபப்படவில்லை. "மாலை போட்டா எல்லாரும் சாமினு கூப்புடுறாங்க. கூட நாலு பேரு இருக்காங்க. சாயங்காலமானா பூசை இருக்கு. கழட்டிட்டா எனக்கு என்ன இருக்கு?" என்றார்.

அந்தப் பதிலைச் சமாளிப்பு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தன்னடக்கம் என்றால் என்ன, அது எங்கிருந்து வருகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதையே அது கேள்வி கேட்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் என்னிடம் ஆங்கிலச் சொற்களுக்கு அர்த்தம் கேட்பது வழக்கம். அப்படி ஒரு நாள் டெம்பரன்ஸ் என்ற சொல் வந்தது. அகராதியில் மூன்று பொருள் போட்டிருந்தது: தன்னடக்கம், மிதம், மதுவிலக்கு. "மிதம்னா கொஞ்சம். விலக்குனா சுத்தமா கிடையாது. ஒரே சொல்லுக்கு எப்படி சார் ரெண்டும் வரும்?" என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடிப்போனால் ரோமாபுரியில் தொடங்கி, இங்கிலாந்தின் ஒரு மில் ஊர் வழியாக, சேலம் ஜில்லாவுக்கு வந்து சேர்கிறோம்.

டெம்பரன்ஸின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. டெம்பெராரே என்றால் சரியான அளவில் கலப்பது, பதப்படுத்துவது. பழைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் திராட்சை மதுவை அப்படியே குடிப்பதை நாகரிகம் இல்லாத பழக்கமாகப் பார்த்தார்கள். விருந்தில் மதுவையும் தண்ணீரையும் ஒரு பெரிய பாத்திரத்தில் ஊற்றிக் கலந்து, அதிலிருந்துதான் எல்லோருக்கும் மொண்டு கொடுப்பார்கள். அந்தப் பாத்திரத்துக்குக் கிரேக்கத்தில் கிராட்டர் என்று பெயர். கலக்கும் கலம் என்று பொருள். எரிமலையின் வாயைக் குறிக்க இன்று ஆங்கிலத்தில் சொல்கிற கிரேட்டர் இதுவேதான்.

ஆக, இந்தச் சொல்லின் பிறப்பில் விடுவது என்ற எண்ணமே இல்லை. எதை எதனோடு எந்த அளவில் சேர்ப்பது என்ற அறிவுதான் இருந்தது. இதே வேரிலிருந்து எத்தனை சொற்கள் முளைத்திருக்கின்றன பாருங்கள். சூடும் குளிரும் கலந்த அளவு டெம்பரேச்சர். உடம்பில் நான்கு நீர்கள் கலந்திருக்கும் விகிதத்தைப் பொறுத்தே ஒருவரின் குணம் அமைகிறது என்று அந்தக் கால வைத்தியர்கள் நம்பினார்கள். அந்தக் கலவைதான் டெம்பரமென்ட். அந்தக் கலவை குலைந்தால் கோபம். டெம்பர் போய்விட்டது என்று ஆங்கிலத்தில் சொல்வது அதனால்தான். தோய்ச்சல் போட்ட இரும்பை மறுபடி இதமாகச் சூடு காட்டி, முறியாமலும் வளையாமலும் இருக்கிற பதத்துக்குக் கொண்டுவரும் பட்டறை வேலைக்கும் டெம்பரிங் என்றுதான் பெயர்.

நம் அடுப்படிக்கும் இந்தச் சொல் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய நம் சமையல் புத்தகங்களில் தாளிப்பதை டெம்பரிங் என்றே போட்டிருப்பார்கள். போர்த்துகீசிய மொழியில் தெம்பெரார் என்றால் உணவுக்கு வாசனையும் சுவையும் கூட்டுவது. இலங்கையில் சிங்களத்தில் தெம்பராது என்று சொல்லும் பதார்த்தங்களின் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை எதுவும் தனியாக நின்று குழம்புக்கு ருசி தராது. அதது அதனதன் அளவில், அதனதன் நேரத்தில் எண்ணெயில் விழ வேண்டும்.

இந்தச் சொல் ஒழுக்கத்தைக் குறிக்க வந்த கதையும் அழகானது. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியப் பேச்சாளர் சிசெரோ, கிரேக்கத் தத்துவத்தை லத்தீனில் எழுத உட்கார்ந்தபோது சோஃப்ரோசினே என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஒரே சொல்லில் பொருள் சொல்ல முடியாமல் இரண்டு மூன்று சொற்களைக் கொடுத்தார். அதில் ஒன்று டெம்பெரான்டியா. பிளேட்டோவின் குடியரசு நூல் சொல்லும் நான்கு பெரும் குணங்களில் சோஃப்ரோசினேயும் ஒன்று. அறிவு, வீரம், நீதி ஆகியவை மற்ற மூன்று. அங்கே பிளேட்டோ சொல்லும் ஒரு நுட்பம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஒரு நகரத்தில் ஆள்பவர்களிடம் அறிவு இருந்தால் போதும், அது அறிவுள்ள நகரம். காவல் காப்பவர்களிடம் வீரம் இருந்தால் போதும், அது வீரமுள்ள நகரம். ஆனால் இந்த மிதம் என்ற குணத்தை ஒரு கூட்டத்திடம் ஒப்படைக்க முடியாது; மேலே இருப்பவரிலிருந்து கீழே இருப்பவர் வரை நகரம் முழுக்கச் சுருதி சேர்ந்தாற்போல் அது பரவியிருக்க வேண்டும் என்கிறார் அவர்.

இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய இந்தக் கருத்தை எங்கள் ஊர்க் காப்புக் கட்டு கண்முன்னே காட்டுகிறது. காப்புக் கட்டுவது பூசாரி கையில்தான். ஆனால் கட்டுப்படுவது மொத்த ஊரும்.

அப்படியானால் அளவு என்று பிறந்த சொல், அடியோடு விடுவது என்று எப்போது மாறியது? காய்ச்சி வடிக்கிற சாராய வகைகள் மலிவாகிப் பரவியபோது. நொதித்த மதுவில் தண்ணீர் கலந்து குடித்த காலம் போய், ரம்மும் விஸ்கியும் ஜின்னும் கூலித் தொழிலாளியின் கைக்கு எட்டின. அமெரிக்காவில் பெஞ்சமின் ரஷ் என்ற மருத்துவர் 1784இலேயே சாராயத்தின் கேடுகளைப் பற்றி எழுதினார். 1826இல் பாஸ்டன் நகரில் அமெரிக்க டெம்பரன்ஸ் சங்கம் தோன்றியது. தொடக்கத்தில் இவர்கள் எதிர்த்தது வடித்த சாராயத்தைத்தான். பீருக்கும் திராட்சை மதுவுக்கும் பெரிய எதிர்ப்பு இல்லை. அதாவது சொல் இன்னும் தன் பழைய பொருளை முழுதாக விட்டிருக்கவில்லை.

அது மாறிய இடம் இங்கிலாந்தின் பிரெஸ்டன். லங்காஷயர் பகுதியில் பஞ்சாலைகள் நிறைந்த தொழிலாளர் ஊர். வேடசந்தூர் வட்டாரத்து நூல் மில்களுக்கு வேன் ஏறிப் போய் வருகிறவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த ஊரைக் கற்பனை செய்வது கஷ்டமாக இல்லை. அங்கே ஜோசப் லிவ்சி என்று ஒருவர். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, தறி நெய்து, பிறகு பாலாடைக்கட்டி வியாபாரம் செய்து முன்னுக்கு வந்தவர். 1832 செப்டம்பர் 1 அன்று அவரும் இன்னும் ஆறு பேரும் எந்தப் போதை மதுவையும் தொடுவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். 'கொஞ்சம் மட்டும்' என்று சத்தியம் செய்தவர்கள் பீரில் தொடங்கிப் பழையபடி விழுவதைப் பார்த்துப் பார்த்து வந்த முடிவு அது. மறுவருஷம் செப்டம்பரில் ரிச்சர்ட் டர்னர் என்ற தொழிலாளி அந்த ஊர்க் கூட்டத்தில் பேசும்போது, முழு விலக்குத்தான் வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல டீடோட்டல் என்ற சொல்லைப் போட்டார். அவருக்குத் திக்குவாய், அதனால் முதல் எழுத்து இரண்டு முறை வந்தது என்று ஒரு கதை உண்டு. அழுத்தத்துக்காக வேண்டுமென்றே சொன்னது என்பவர்களும் உண்டு. எப்படியோ, சொல் நின்றுவிட்டது. 1846இல் அவர் இறந்தபோது அந்தச் சொல்லை உண்டாக்கியவர் என்றே கல்லறைக் கல்லில் பொறித்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்வேன். அந்த மனிதர்கள் சத்தியம் வாங்கிக்கொண்டு ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. சாயங்காலம் சாராயக் கடையைத் தவிரப் போக இடமில்லாத தொழிலாளிக்குக் காப்பிக் கடை திறந்தார்கள். கூட்டம் நடத்த மண்டபம் கட்டினார்கள். தேநீர் விருந்து வைத்தார்கள், பாண்டு வாத்தியக் குழு சேர்த்தார்கள், ஊர்வலம் போனார்கள். தாமஸ் குக் என்ற பெயரை உலகப் பயண நிறுவனத்தின் பெயராகக் கேட்டிருப்பீர்கள். அவர் ஒரு மரவேலைக்காரர், மதுவிலக்குத் தொண்டர். 1841 ஜூலை 5 அன்று மதுவிலக்குக் கூட்டத்துக்காக லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குத் தனி ரயில் பேசி, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு ஏறத்தாழ 500 பேரை அழைத்துப் போனார். அவருடைய சுற்றுலாத் தொழிலின் பிறப்பே குடியை விட்டவர்களுக்கு ஒரு நாள் சந்தோஷம் கொடுக்கப்போய் நடந்தது. எங்கள் தெரு அண்ணன் கேட்ட "எனக்கு என்ன இருக்கு?" என்ற கேள்வி அவர்கள் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

இந்த இயக்கம் இந்தியாவுக்கும் வந்தது. 1888இல் ஆங்கிலோ-இந்திய டெம்பரன்ஸ் சங்கம் தொடங்கியது. நம் நாட்டில் அது சீக்கிரமே விடுதலைப் போராட்டத்தோடு சேர்ந்துகொண்டது, காரணம் கள்ளுக்கடை ஏலப் பணம் வெள்ளைக்காரன் கஜானாவுக்குப் போனது. 1921இல் பெரியார் தம் தோப்புத் தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் அவர் சிறைக்குப் போனதும் அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்று நடத்தினார்கள். ராஜாஜி திருச்செங்கோட்டு ஆசிரமத்தில் இருந்துகொண்டு 1929இல் மதுவிலக்குக்கென்றே விமோசனம் என்ற பத்திரிகை நடத்தினார்.

பிறகு அவர் முதலமைச்சரானதும் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. சட்டம் போட்டதோடு நிற்காமல், கிராமங்களில் விளையாட்டு, பஜனை, தேநீர் என்று மாலைப் பொழுதை நிரப்பவும் முயற்சி நடந்தது. அடுத்த இரண்டு வருஷங்களில் சித்தூர், கடப்பை, வட ஆற்காடு ஜில்லாக்களுக்கும் மதுவிலக்கு நீண்டது. போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. இன்று நாம் கடையில் பொருள் வாங்கி வரி கட்டுகிறோமே, அதன் பூர்வீகத்தில் குடியை நிறுத்தியதால் வந்த பள்ளம் இருக்கிறது. ஒரு அரசாங்கம் தன் வருமானத்தைத் தானே அடக்கிக்கொண்டது என்பதை நான் பெரிய விஷயமாகப் பார்க்கிறேன். குடிமகனிடம் அடக்கத்தைக் கேட்கும் முன் அரசு தன் பையில் கை வைத்தது.

அதற்குப் பின் வந்த சரித்திரம் உங்களுக்குத் தெரிந்ததே. போர்க்காலத்தில் நிறுத்தி வைத்த மதுவிலக்கு, 1948இல் ஓமந்தூரார் காலத்தில் சென்னை மாகாணம் முழுக்க வந்தது. 1971இல் விலக்கப்பட்டு, 1974இல் திரும்பி, பிறகு மறுபடி தளர்ந்தது. 1983இல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் தொடங்கியது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அரசே நடத்துகிறது. 2023-24இல் இதிலிருந்து அரசுக்கு வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். ராஜாஜி வைத்த வரிசை தலைகீழாகிவிட்டது: இன்று அரசு தன் பையைத் தொடாமல், குடி உடம்புக்குக் கேடு என்று பாட்டிலில் அச்சடித்து விற்கிறது.

முழு மதுவிலக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அமெரிக்கா 1920 முதல் 1933 வரை நாடு முழுக்கத் தடை போட்டுப் பார்த்துக் கைவிட்டது. கடை திறந்திருக்கும் நம் மாநிலத்திலேயே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. டாஸ்மாக் சரக்குக்குக் காசு போதாத கூலிக்காரர்கள்தான் பெரும்பாலும் அதில் போனவர்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், திறந்து வைப்பதாலும் தீரவில்லை, மூடுவதால் மட்டும் தீர்ந்துவிடும் என்றும் சொல்ல முடியவில்லை.

வள்ளுவர் அடக்கத்தையும் கள்ளையும் எங்கெங்கே வைத்தார் என்று பாருங்கள். அடக்கமுடைமை 13ஆவது அதிகாரம், அறத்துப்பாலில் இருக்கிறது. கள்ளுண்ணாமை 93ஆவது அதிகாரம், அது பொருட்பாலில். அடுத்து 94 சூது, 95 மருந்து. அடக்கம் ஒரு மனிதனின் அறம். கள்ளோ ஊர், பொருள், நட்பு, மானம் எல்லாவற்றோடும் பின்னிய விவகாரம் என்று அந்த வைப்புமுறை எனக்குச் சொல்கிறது. மருந்து அதிகாரத்தில் அவர் பேசுவதும் அளவைப் பற்றித்தான்: முன்பு உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பது.

டெம்பரன்ஸுக்கு ஏன் இரண்டு பொருள் என்று கேட்ட தம்பிக்கு நான் சொன்ன பதில் இது. இரண்டு பொருளும் இரண்டு வகை நிலைமைகளுக்கானவை. சாப்பாடு, செல்போன், பேச்சு, கோபம், செலவு என்று நாம் விட முடியாதவற்றுக்கு முதல் பொருள். அங்கே அளவு பழக வேண்டும். ஒரு கட்டிங்கில் நிறுத்த முடியாத அளவுக்கு உடம்பும் மூளையும் மாறிப்போனவருக்கு இரண்டாவது பொருள். அங்கே அளவு என்று ஒன்று கிடையாது. "கொஞ்சமா குடிச்சுக்கோ" என்று அவருக்குச் சொல்லும் புத்திமதி பிரெஸ்டனில் தோற்றது போலவே எங்கள் பக்கத்து எரியோட்டிலும் தோற்கும்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒன்று உண்டு. யாரும் தனியாக நின்று அடக்கத்தைக் காப்பாற்றுவதில்லை. மாலை போட்டவரைச் சுற்றி என்னென்ன கலந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஒரு அடையாளம், ஒரு மரியாதையான பெயர், கூட நாலு பேர், குறித்த நேரத்துக்கு ஒரு வேலை, இத்தனை நாள் என்ற கெடு. அந்தக் கலவையை எடுத்துவிட்டு மனிதனை மட்டும் நிறுத்தி, "உனக்கு மனஉறுதி இல்லை" என்று சொல்வது நியாயம் இல்லை.

1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இந்தக் கலவையைத்தான் மறுபடி செய்தது. ஊர் பேர் தெரியாமல் வட்டமாக உட்கார்ந்து, இன்று ஒரு நாள் மட்டும் குடிக்காமல் இருப்பது என்று தொடங்குகிறார்கள். தமிழ்நாட்டு நகரங்களிலும் அவர்கள் கூட்டம் நடக்கிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, திருவாரூர்ப் பக்கத்து மஞ்சக்குடி கிராமத்துக்கே போய் முகாம் போட்டு, குடும்பத்தையும் ஊர்க்காரர்களையும் சேர்த்துச் சிகிச்சை கொடுத்தது. ஆந்திராவின் நெல்லூர் ஜில்லாவில் துபகுண்டா கிராமத்துப் பெண்கள் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகிய கையோடு சாராயக் கடையை மூடவைத்தார்கள். 1992இல் பரவிய அந்தப் போராட்டம் அடுத்த வருஷமே மாநிலம் முழுக்கச் சாராயத்துக்குத் தடை கொண்டுவந்தது. எல்லா இடத்திலும் வேலை செய்தது கூட்டம்தான்.

ஒரு எச்சரிக்கையை இங்கே சொல்லாமல் விடக்கூடாது. நம் பக்கம் குடியை விடக் கோயிலில் கயிறு கட்டுவதும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்வதும் வழக்கம். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் பல வருஷமாகத் தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரலாம். சிலருக்கு இரண்டு மூன்று நாளில் வலிப்பு, பிதற்றல், இல்லாததெல்லாம் கண்ணில் தெரிவது என்று உயிருக்கே ஆபத்தாகும். 2020 ஊரடங்கில் மே 7 வரை கடைகள் மூடியிருந்தபோது பல குடும்பங்கள் இதை நேரில் பார்த்தன. அது பேய் பிடித்ததும் இல்லை, சாமி குத்தமும் இல்லை. அது நோயின் குறி. மருந்து இருக்கிறது, மருத்துவமனையில் சரிசெய்யக்கூடியது. கயிறு கட்டுவதற்கு முன்போ பின்போ, டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

கடைசியாக என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தன்னடக்கத்தை ஏழைக் குடிகாரனின் தனிப்பட்ட பொறுப்பாக மட்டும் வைத்திருப்பது அநியாயம். மேலிருந்து கீழ்வரை பரவினால்தான் அது அந்தப் பெயருக்குத் தகும். அரசு தன் வருமானத்தில் அடங்கட்டும். கடைகளை வருஷா வருஷம் குறைக்கட்டும். ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் குடிநோய்க்குப் படுக்கை வைக்கட்டும். கல்யாணத்திலும் காதுகுத்திலும் பாட்டில் வைத்து உபசரிக்கும் பழக்கத்தை நாம் விடலாம். சாயங்காலம் உட்கார்ந்து பேச ஒரு நூலகம், கைப்பந்துத் திடல், டீக்கடை பெஞ்சு என்று ஒவ்வொரு ஊரிலும் ஓர் இடத்தை உயிரோடு வைத்திருக்கலாம். கிராம சபையில் எழுந்து நின்று கேட்கலாம்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ குடியை விட நினைத்து முடியாமல் தவிப்பவர் இருந்தால், 14446 என்ற கட்டணமில்லாப் போதை மீட்பு உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். மருத்துவமனைக்கு அவரைத் தனியாக அனுப்பாதீர்கள், கூடப் போங்கள்.